டிடிஏ 7294 போர்டு: 100 வாட் நிஜமா?

கேள்வி:
டிடிஏ 7294 ஐசி போட்ட மோனோ ஆடியோ ஆம்ப்ளிஃபயர் போர்டு. 24-0-24 வோல்ட், 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர், பக்கத்துக்கு 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். லோடு இல்லாமல் பிளஸ் மைனஸ் 34 வோல்ட் வருகிறது. 100 வாட் என்றுதான் விற்கிறார்கள். 8 ஓமில் நிஜமாக எவ்வளவு என்று எப்படி அளப்பது? மல்டிமீட்டர், சின்ன ஆசிலோஸ்கோப் இரண்டும் உண்டு.

பதில் 1:
முதலில் ஸ்பீக்கரைக் கழற்றுங்கள் சார். அதன் இம்பீடன்ஸ் ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் மாறும், கணக்கு நிற்காது, காயிலும் கருகிவிடும். அதற்குப் பதிலாக 8 ஓம் 100 வாட் அலுமினியக் கூடு ரெசிஸ்டரை, வெப்பம் கடத்தும் பேஸ்ட் தடவி ஹீட் சிங்கில் முடுக்குங்கள். வெறுமனே மேஜையில் கிடந்தால் அது 100 வாட் தாங்காது.

மொபைல் டோன் ஆப்பில் 1000 ஹெர்ட்ஸ் சைன் அலை, ஈக்வலைசர் ஆஃப். ஸ்கோப்பை ரெசிஸ்டர் முனைகளில் வைத்து வால்யூமை மெல்ல ஏற்றுங்கள். அலையின் உச்சி தட்டையானால் கிளிப்பிங். அங்கிருந்து ஒரு நூல் இறக்கி, மேலுச்சி முதல் கீழுச்சி வரை எத்தனை வோல்ட் என்று பாருங்கள். அதன் வர்க்கத்தை, ஓம் மதிப்பின் 8 மடங்கால் வகுத்தால் வாட். 56 வோல்ட் வந்தால் 3136 ÷ 64 = 49 வாட்.

பதில் 2:
அந்த 100 வாட் டேட்டாஷீட்டில் இருப்பதுதான், ஆனால் மியூசிக் பவர் (கொஞ்ச நேரம் மட்டும் தருவது): பிளஸ் மைனஸ் 38 வோல்ட், 10 சதவீத டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு). காது கூசும் அளவு அது. தொடர்ச்சியான பவர் பிளஸ் மைனஸ் 35 வோல்ட்டில், 0.5 சதவீதத்தில், 70 வாட். அந்த 35 லோடிலும் நிற்க வேண்டும். உங்கள் 34 லோடு ஏறியதும் 31 பக்கம் இறங்கலாம். 4700 மைக்ரோஃபாரடுக்கு ரிப்பிளே (டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) 2 வோல்ட் வரும். ரிப்பிளின் பள்ளத்தில்தான் கிளிப்பிங் முதலில் தலைகாட்டும். அளக்கும்போதே போர்டுக்குப் போகும் டிசி சப்ளையையும் மீட்டரில் பாருங்கள். 50 வாட் கிடைத்தால் போர்டில் குறையே இல்லை.

கேட்டவர்:
ஸ்கோப் இல்லாமல் மல்டிமீட்டரே போதுமா?

பதில் 1:
போதாது. கிளிப்பிங் எங்கே தொடங்குகிறது என்று மீட்டருக்குத் தெரியாது. ட்ரூ ஆர்எம்எஸ் (அலை எந்த வடிவமானாலும் சரியாக அளப்பது) இல்லாத மீட்டர், அலை சதுரமாகிவிட்டால் 11 சதவீதம் கூட்டிக் காட்டும். வாட்டில் அது 23 சதவீதம். மலிவு மீட்டர்கள் பல 400 ஹெர்ட்ஸுக்கு மேல் தவறும், அதனால் ஒத்துப்பார்க்க மட்டும் 200 ஹெர்ட்ஸில் வையுங்கள்.

பதில் 3:
இதைப் படித்துவிட்டு பிரிட்ஜ் போர்டு (ஸ்பீக்கரின் இரு முனைகளையும் ஆம்ப்ளிஃபயரே ஓட்டும் வகை) அளப்பவர்களுக்கு: அதில் ஸ்பீக்கர் மைனஸ் கிரவுண்டு அல்ல. கரண்டில் ஓடும் ஸ்கோப்பின் கிரவுண்டு கிளிப்பை அங்கே மாட்டினால் அவுட்புட் ஷார்ட்டாகி ஐசி போய்விடும். இரண்டு புரோப்களையும் இரு முனைகளில் வைத்து, ஸ்கோப்பில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பாருங்கள்.