கிராஃபைட் காயின் செல் 0.8 வோல்ட்டிலேயே நிற்கிறது – உதவி தேவை

காலாப்பட்டு மாணவி:
வணக்கம். புதுச்சேரியில் எம்.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டு படிக்கிறேன். புராஜெக்ட்டுக்காக இயற்கை கிராஃபைட்டைத் தாமிரத் தகட்டில் பூசி, எதிரில் லித்தியம் தகடு வைத்து காயின் செல் (நாணய வடிவச் சிறு பேட்டரி) செய்கிறேன். எலக்ட்ரோலைட் (அயனிகளைக் கடத்தும் கரைசல்), லேபில் இருந்த புரொப்பிலீன் கார்பனேட்டில் கரைத்த லித்தியம் ஹெக்சாஃப்ளூரோபாஸ்பேட் உப்பு. சி/20 வேகத்தில் டிஸ்சார்ஜ் செய்தால் 0.8 வோல்ட் பக்கம் வந்ததும் கோடு படுத்துவிடுகிறது. ஒரு நாள் தாண்டியும் இறங்கவில்லை. பிரித்துப் பார்த்தால் பூச்சு உதிர்ந்து கிடக்கிறது. கடற்கரை ஈரம் குளோவ் பாக்ஸுக்குள் (காற்றும் ஈரமும் புகாத வேலைப் பெட்டி) வந்துவிட்டதா? பைண்டரை (பூச்சை ஒட்டவைக்கும் பசை) மாற்ற வேண்டுமா?

திருப்பாதிரிப்புலியூர் சார்:
ஈரம், பைண்டர் இரண்டையும் இப்போதைக்கு விடுங்கம்மா. கரைப்பானான புரொப்பிலீன் கார்பனேட்தான் காரணம்.

நீங்கள் சொன்ன நேரமே அதைக் காட்டுகிறது. கிராஃபைட் அதிகபட்சம் ஆறு கார்பனுக்கு ஒரு லித்தியம்தான் வாங்கும், அதாவது கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர் மணி. சி/20 என்றால் அது 20 மணி நேரத்தில் நிரம்பிவிட வேண்டும். அதற்கு மேலும் மின்னோட்டம் போகிறதென்றால் அது லித்தியத்தை உள்ளே வைக்கவில்லை, கரைப்பானை உடைத்துக்கொண்டிருக்கிறது. லித்தியம் அயனி புரொப்பிலீன் கார்பனேட் மூலக்கூறுகளையும் கூட்டிக்கொண்டு அடுக்குகளுக்கு நடுவே நுழைகிறது. 3.35 ஆங்ஸ்ட்ராம் இடைவெளி அதைத் தாங்காது. கரைப்பான் உள்ளேயே சிதைந்து புரொப்பிலீன் வாயு வர, அடுக்குகள் பிரிகின்றன. பிரிந்த புதுப் பரப்பில் மறுபடியும் அதே வினை. பூச்சு உதிர்வதும் இதனால்தான்.

எத்திலீன் கார்பனேட்டும் டைமீத்தைல் கார்பனேட்டும் கலந்து பாருங்கள். எத்திலீன் கார்பனேட்டில் ஒரு மீத்தைல் தொகுதிதான் குறைவு, ஆனால் அது சிதைந்ததும் கிராஃபைட்டின் மேல் இறுக்கமான படலம் படிகிறது. அந்தப் படலம் லித்தியம் அயனியை மட்டும் விடும், கரைப்பானைத் தடுக்கும்.

காலாப்பட்டு மாணவி:
ரொம்ப நன்றி சார். எங்கள் எத்திலீன் கார்பனேட் பாட்டிலில் கட்டியாக இருக்கிறது. கெட்டுப்போய்விட்டதோ?

திருப்பாதிரிப்புலியூர் சார்:
இல்லை. அதன் உருகுநிலை 36 டிகிரி. அக்னி நட்சத்திரத்தில் கடலூரில் மேசை மேலேயே உருகும், ஏசி அறையில் கட்டியாகத்தான் இருக்கும். மூடியைத் திறக்காமல் மெல்ல சூடாக்கி உருக்கி, பெட்டிக்குள் கலந்துகொள்ளுங்கள். கலவை உறையாது.

அரியாங்குப்பம்:
ஓர் ஐயம். புரொப்பிலீன் கார்பனேட் ஆகாதென்றால் முதல் லித்தியம் அயனி பேட்டரி எப்படி ஓடியது?

திருப்பாதிரிப்புலியூர் சார்:
நல்ல கேள்வி. 1991-இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த பேட்டரியில் கிராஃபைட் இல்லை, கோக் வகைக் கார்பன் இருந்தது. அதன் அடுக்குகள் ஒழுங்கற்றுப் பின்னிக் கிடப்பதால் எளிதில் பிரியாது. எத்திலீன் கார்பனேட் இருந்தால் கிராஃபைட்டும் தாங்கும் என்று கனடா ஆய்வாளர் ஜெஃப் டான் குழுவினர் 1990-லேயே காட்டியிருந்தார்கள். அப்புறம்தான் கிராஃபைட் பரவலானது.

நெய்வேலி டவுன்ஷிப்:
எங்கள் கல்லூரியில் குளோவ் பாக்ஸே இல்லை. அயனி நுழைவதை மாணவர்களுக்கு வேறு வழியில் காட்ட முடியுமா?

திருப்பாதிரிப்புலியூர் சார்:
முடியும். அடர் கந்தக அமிலத்தில் கிராஃபைட்டை நேர்முனையாக வைத்து மின்சாரம் செலுத்துங்கள். பைசல்பேட் அயனிகள் உள்ளே போய் இடைவெளி சுமார் 8 ஆங்ஸ்ட்ராம் ஆகும், கிராஃபைட் நீல நிறம் காட்டும். மின்சாரம் இல்லாமல் நைட்ரிக் அமிலம் போன்ற ஆக்சிஜனேற்றி சேர்த்தும் செய்யலாம். புகைப்போக்கி, கையுறை, முகக்கவசம் இல்லாமல் தொடவே வேண்டாம். பொட்டாசியத்தோடு சூடாக்கும் முறையை வகுப்பறையில் முயலாதீர்கள், கிடைக்கும் பொன்னிறப் பொருள் காற்றுப் பட்டாலே தீப்பற்றும்.

காலாப்பட்டு மாணவி:
சார், கலவையை மாற்றினேன், இறங்கிவிட்டது! 0.8 பக்கம் சின்ன மேடு மட்டும், பிறகு 0.2-க்குக் கீழே படிப்படியாக. ஆனால் முதல் சுற்றில் கொடுத்த அளவு திரும்பி வரவில்லை.

திருப்பாதிரிப்புலியூர் சார்:
அந்த மேடுதான் படலம் உருவாகும் இடம். திரும்பி வராத லித்தியம் அந்தப் படலத்தில் சிக்கியிருக்கிறது. இரண்டாம் சுற்றில் இழப்பு வெகுவாகக் குறைய வேண்டும். குறையாவிட்டால், படலம் நன்றாகப் படிய உதவும் வினைலீன் கார்பனேட் இரண்டு சதவீதம் சேர்த்துப் பார்த்துவிட்டு, வரைபடத்தை இங்கே போடுங்கள்.