வர்ஜீனியா 2018-19: பேக் லைன் அதேதான், அப்ப எது மாறுச்சு?

பேஸ்லைன் (கேள்வி)

அமெரிக்காவோட யுனிவர்சிட்டி ஆஃப் வர்ஜீனியா ஆண்கள் பாஸ்கெட்பால் அணி பத்தி ஒரு சந்தேகம். 2018 மார்ச்ல 31-2ன்னு (31 வெற்றி, 2 தோல்வி) கெத்தா வந்தவங்க, தரவரிசையில கடைசியான 16ஆம் சீட் யுஎம்பிசி அணிகிட்ட 74-54ன்னு தோத்தாங்க. ஆண்கள் என்சிஏஏ (அமெரிக்கக் காலேஜ் விளையாட்டு அமைப்பு) டோர்னமென்ட்ல 1ஆம் சீட் அப்படித் தோத்தது அதுதான் முதல் தடவை. அடுத்த வருஷம் அதே கோச் டோனி பென்னட், அதே பேக் லைன் டிஃபென்ஸ், அதே ஆமை வேகம். ஆனா 35-3, சாம்பியன். நடுவுல என்னதான் மாத்தினாங்க?

இன்னொண்ணு: காலேஜ் பசங்களுக்கு பேக் லைன் சொல்லிக்கொடுக்கணும்னா எதுல ஆரம்பிக்கணும்? "எல்லாரும் உள்ள நில்லுங்க"ன்னு சொன்னா அது ஜோன் (ஆளை விட்டுட்டு இடத்தைக் காக்கிறது) மாதிரி ஆயிடுது.

ஹெல்ப்சைடு

ரெண்டாவது கேள்விக்கு முதல்ல வர்றேன். பேக் லைன் ஜோன் இல்ல, சுத்தமான மேன்-டு-மேன், அதாவது ஒவ்வொருத்தரும் ஒரு ஆளைக் காக்கிறது. டோனியோட அப்பா டிக் பென்னட் உருவாக்கினது. ரிங்குல இருந்து 16-17 அடியில ஒரு கோடு இருக்கிறதா நினைச்சுக்கோங்க. பந்து வச்சிருக்கிறவர் மேல ஒருத்தர் மட்டும் வெளியே போய் நெருக்கணும். மத்த நாலு பேரும் கோட்டுக்கு உள்ளே, தன் ஆளுக்கும் பந்துக்கும் நடுவுல இருக்கிற கேப்ல. பாஸை மறிக்கிறது வேலை இல்ல, டிரைவை அடைக்கிறதுதான் வேலை.

ஜோன் ஆகுறதுக்குக் காரணம் பெரும்பாலும் அந்த முதல் ஆள்தான். அவர் ஒரு கை தூரம் தள்ளி நின்னா பாயின்ட் கார்டு (பந்தைக் கொண்டுவர்றவன்) நிதானமா பார்த்து குறுக்கே ஸ்கிப் பாஸ் போட்டுடுவான். பந்து மேல நெருக்கடி இல்லேன்னா பேக் லைனே கிடையாது.

ஆரம்பம் க்ளோஸ்அவுட், அதாவது பந்து வாங்குற ஆளை நோக்கி ஓடிப் போய் நெருக்குறது. உள்ளே நிக்கிறதால ஓடிவர்ற தூரம் அதிகம். மூணுல ரெண்டு பங்கு தூரம் முழு வேகம், அப்புறம் குட்டிக் குட்டி ஸ்டெப், ஒரு கை மேல, எடை பின்னால. பந்து காத்துல இருக்கும்போதே கிளம்பணும். அவன் பிடிச்ச பிறகு கிளம்புறவன் லேட்டாயிட்டோம்னு எகிறுவான், அவனைத் தாண்டி ஒரே டிரிபிள்ல உள்ளே போயிடுவாங்க.

அடுத்து 4-க்கு-4 ஷெல் டிரில். முதல்ல ஷூட் கிடையாது, வெளியிலேயே பாஸ். ஒவ்வொரு பாஸுக்கும் நாலு பேரும் நகரணும். நடுவுல நிறுத்தி யார் கால் எங்க இருக்குன்னு பாருங்க. அது சரியான பிறகு ஒரு டிரிபிள் அனுமதிங்க, கடைசியா ஸ்கிப் பாஸ். எடுத்த எடுப்பிலேயே 5-க்கு-5 விட்டா எல்லாரும் பந்தையே பார்த்து நிப்பாங்க.

பால் ஸ்கிரீனுக்கு (பந்து வச்சிருக்கிறவரைக் காக்கிறவரை எதிரணி ஆள் நின்னு மறிக்கிறது) பென்னட் காலத்து வர்ஜீனியா ஹார்ட் ஹெட்ஜ் பண்ணுச்சு: பெரிய ஆள் வெளியே பாய்ஞ்சு கார்டைப் பின்னாடி தள்ளிட்டுத் தன் ஆள்கிட்ட ஓடணும். போஸ்ட்ல (ரிங்குக்குப் பக்கத்துல) பந்து இறங்கினா இன்னொரு பெரிய ஆள் டபுள் பண்ண, அதாவது ரெண்டாவது ஆளா நெருக்க, வருவார். ரெண்டுக்குமே கால் வேகமுள்ள பிக் மேன் வேணும். இல்லேன்னா அந்தப் பகுதியை மட்டும் காப்பி அடிக்காதீங்க.

ஸ்கோர்ஷீட்

முதல் கேள்விக்கு. யுஎம்பிசி ஆட்டம் பாதியில் 21-21. இரண்டாம் பாதியில் மட்டும் 53 புள்ளிகள் கொடுத்தார்கள். மூன்று பாயின்டில் யுஎம்பிசி 24-க்கு 12, வர்ஜீனியா 22-க்கு 4. மணிக்கட்டு முறிந்து வர்ஜீனியாவின் டிஆண்ட்ரே ஹண்டர் ஆடவில்லை. மெதுவாக ஆடும் அணிக்கு ஆட்டத்துக்கு 60 பொசெஷன்தான் (பந்தோடு தாக்கும் வாய்ப்பு) கிடைக்கும். 15 புள்ளி பின்தங்கினால் திரும்பி வர வாய்ப்புகளே போதாது.

மறு வருடம் மாறியது தாக்குதல். அதுவரை பிரதானமாக மூவர்-பிளாக்கர் (mover-blocker): இரண்டு பெரியவர்கள் ஸ்கிரீன் போட்டுக்கொண்டே இருக்க, கார்டுகள் வளைந்து ஓடுவார்கள். 2018-19இல் அதோடு கன்டினியூட்டி பால் ஸ்கிரீனையும் (பால் ஸ்கிரீனைத் தொடர்ந்து போட்டுக்கொண்டே இருப்பது) நிறையக் கலந்தார்கள். 5 அடி 9 அங்குல ஃப்ரெஷ்மேன் (முதலாண்டு மாணவர்) கிஹேய் கிளார்க் பந்தைக் கொண்டுவந்ததால், டை ஜெரோமும் கைல் கையும் பந்தில்லாமல் ஓடி ஷூட் செய்ய முடிந்தது. கை 15.4, ஹண்டர் 15.2, ஜெரோம் 13.6 சராசரி. யாரை விட்டு ஹெல்ப் போவது என்றே எதிரணிக்குத் தெரியாது.

அதற்குப் பலன் முதல் சுற்றிலேயே தெரிந்தது. 16ஆம் சீட் கார்ட்னர்-வெப்பிடம் 14 புள்ளி பின்தங்கி, 71-56 என்று வென்றார்கள். வேகத்தைக் கூட்டவே இல்லை.

டெட்பால்

ஸ்கோர்ஷீட் அண்ணே சொல்றது சரி, ஆனா கடைசி மூணு ஆட்டத்தையும் மறந்துடாதீங்க. அதுல பாதி எதிரணி கொடுத்த பரிசு.

பர்டூ அணி 3 புள்ளி முன்னால, 5.9 விநாடி பாக்கி. த்ரீ போட விடக் கூடாதுன்னு ஜெரோமை ஃபவுல் பண்ணாங்க. முடிவு சரிதான். ஆனா அந்த முடிவு எடுத்தா ரெண்டாவது ஃப்ரீ த்ரோவுக்கு பாக்ஸ்அவுட் (எதிராளியைப் பின்னால மறிச்சு மிஸ் ஆன பந்தைக் காக்கிறது) கட்டாயம். மிஸ் ஆன பந்தை வர்ஜீனியாவோட டியாகிட்டே பின்னால தட்டிவிட்டார், கிளார்க் தன் பாதி கோர்ட்டுக்கு ஓடி எடுத்து நீளப் பாஸ் போட்டார், டியாகிட்டே பஸரோட போட்டு 70-70. ஓவர்டைம்ல 80-75. கார்சன் எட்வர்ட்ஸ் 10 த்ரீ, 42 புள்ளி அடிச்சும் பர்டூ வீட்டுக்குப் போச்சு.

ஆபர்ன் அணி: 2 புள்ளி முன்னால, 0.6 விநாடி பாக்கி, மூலையில கைல் கை த்ரீ போடும்போது இறங்குற இடத்துல உடம்பை விட்டாங்க. மூணு ஃப்ரீ த்ரோ, 63-62. அதுக்கு முன்னாடி ஜெரோமோட டபுள் டிரிபிளை (டிரிபிளை நிறுத்திட்டு மறுபடி ஆரம்பிக்கிற தப்பு) ரெஃப்ரி விட்டது தனிக் கதை.

ஃபைனல்ல டெக்சாஸ் டெக் 68-65ன்னு முன்னால. ஜெரோம் உள்ளே டிரைவ் பண்ண, மூலையில ஹண்டரோட ஆள் ஹெல்ப்புக்கு நகர்ந்தார். 3 முன்னால இருக்கும்போது லேஅப் போனா போகட்டும், மூலையை விடவே கூடாது. ஹண்டர் த்ரீ, ஓவர்டைம், 85-77.

ஸ்கோர்ஷீட்

அதிர்ஷ்டம் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஓவர்டைமில் 12 ஃப்ரீ த்ரோவும் உள்ளே போயின. ஹண்டர் 27, கை 24. பரிசு கிடைத்தாலும் வாங்கத் தெரிய வேண்டும்.

பேஸ்லைன்

நன்றி. ஹெல்ப்சைடு சார், நம்ம ஊர்ல ஃபிபா (சர்வதேச பாஸ்கெட்பால் அமைப்பு) ரூல்ஸ், 24 விநாடிக்குள்ள ஷூட் பண்ணணும். அதுக்கு இது தாங்குமா?

ஹெல்ப்சைடு

டிஃபென்ஸுக்கு நல்லதுதான். என்சிஏஏ ஆண்கள்ல 30 விநாடி; நமக்கு 6 விநாடி குறைச்சுக் காத்தா போதும். தொந்தரவு ரெண்டு இடத்துல. அவங்க ஜெயிச்ச வருஷம் த்ரீ லைன் 6.32 மீட்டர், நமக்கு 6.75. அதனால க்ளோஸ்அவுட் இன்னும் நீளம். நல்ல ஷூட்டரைக் காக்கிறவர் மட்டும் கோட்டுல இருந்து அரை ஸ்டெப் வெளியே நிக்கட்டும்.

ரெண்டாவது ஃபவுல். ஃபிபாவுல ஒரு குவார்ட்டர்ல அஞ்சாவது டீம் ஃபவுல்ல இருந்து ரெண்டு ஃப்ரீ த்ரோ. ஹார்ட் ஹெட்ஜ்ல பிக் மேன் இடுப்பால இடிச்சு 25 அடி தள்ளி வாங்குற ஃபவுல்தான் அதிகம் வரும். அந்த குவார்ட்டர்ல நாலு ஆயிடுச்சுன்னா ஹெட்ஜை நிறுத்திட்டு, பிக் மேனை ஃப்ரீ த்ரோ லைன் பக்கம் இறக்கி நிறுத்துங்க.