பைகிட்ஹப்: பட்டியல் எடுக்கவே மணிக்கான 5,000 கோரிக்கை தீர்ந்துவிடுகிறது, ஏன்?

நூலேணி:
கிட்ஹப்பில் ஒரு ரெப்போவில் (நிரல் களஞ்சியம்) இஷ்யூ (பிழை, யோசனைப் பதிவு) 3,000, புல் ரிக்வெஸ்ட் (நிரல் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்பது) 1,200. பைத்தானில், கிட்ஹப் ஏபிஐயை அழைக்கும் பைகிட்ஹப் லைப்ரரி, டோக்கனோடு (அணுகல் சாவி). கெட்_இஷ்யூஸ் இரண்டையும் கலந்தே கொடுக்கும்; அதை லூப்பில் எடுத்து, புல்_ரிக்வெஸ்ட் நன் (வெறுமை) ஆக இருப்பவற்றின் தலைப்பையும் யூசர்.நேமையும் சிஎஸ்வியில் எழுதுகிறேன். பாதியில் 403 (வரம்பு தீர்ந்ததால் மறுப்பு). பக்கத்துக்கு 100 என்றால் 42 கோரிக்கைதானே?

கருவிப்பெட்டி:
முதலில், 42 இல்லை, 140. பெர்_பேஜ் கொடுக்காவிட்டால் பக்கத்துக்கு 30தான். கிட்ஹப் ஆப்ஜெக்டை உருவாக்கும்போதே 100 என்று கொடுங்கள், அதுதான் உச்சம்.

ஆனால் வரம்பைத் தின்பது அதுவல்ல. பட்டியலில் வரும் ஆப்ஜெக்ட் முழுமையானதல்ல. அதில் இல்லாத புலத்தைத் தொட்டால் லைப்ரரி சத்தமில்லாமல் இன்னொரு கோரிக்கை அனுப்பி நிரப்பிக்கொள்ளும். பட்டியலில் எழுதியவரின் லாகின் (பயனர் ஐடி) உண்டு, நேம் (முழுப்பெயர்) கிடையாது. ஒரே ஆள் 300 இஷ்யூ எழுதியிருந்தால் 300 தடவை போய்க் கேட்கும். புல்_ரிக்வெஸ்ட் இன்னும் மோசம்: வெறும் இஷ்யூவில் அந்தப் புலமே வராது, லைப்ரரியோ இன்னும் நிரப்பவில்லை என்று எடுத்துக்கொள்கிறது. ஆக இஷ்யூவுக்கு 2 வீதம் 6,000. மணிக்கு 5,000 எப்படிப் போதும்?

எச்டிஎம்எல்_யூஆர்எல் பட்டியலிலேயே வரும். அதில் /புல்/ இருந்தால் தள்ளிவிடுங்கள். லாகின்களை ஒரு செட்டில் சேர்த்து, கடைசியில் ஆளுக்கு ஒரு முறை கெட்_யூசர். ரா_டேட்டா பக்கம் போகாதீர்கள், அதுவும் நிரப்பப் போகும்.

தறி:
தேடல் ஏபிஐயில் இஸ்:இஷ்யூ போட்டால் வடிகட்டும் வேலையே இல்லையே?

கருவிப்பெட்டி:
ஒரு தேடலுக்கு 1,000 முடிவுக்கு மேல் தராது. தேதிவாரியாக உடைக்க வேண்டிவரும். அதற்கு கிட்ஹப்பின் இன்னொரு ஏபிஐயான கிராஃப்கியூஎல் மேல்: அங்கே இஷ்யூவும் புல் ரிக்வெஸ்டும் தனித்தனி, பெயரையும் அதே வினவலில் கேட்கலாம்.

படிக்கல்:
மாற்றியபின் எனேபிள்_கன்சோல்_டீபக்_லாகிங் போட்டு 50 இஷ்யூவுக்கு மட்டும் ஓட்டுங்கள். போகிற ஒவ்வொரு கோரிக்கையும் திரையில் தெரியும். ஒற்றை இஷ்யூவின் முகவரி தட்டுப்பட்டால் எங்கோ நிரப்பல் மிச்சமிருக்கிறது.

வரிசையையும் கவனியுங்கள். இயல்பில் புதியது முதலில். ஓடும்போதே புது இஷ்யூ வந்தால் பக்க எல்லையில் இருந்தது அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்பட்டு இரண்டு முறை வரும். ஆகவே டைரக்ஷன் அசெண்டிங் (பழையது முதலில்), ஸ்டேட் ஆல் (திறந்தது, மூடியது எல்லாம்) என்று கொடுங்கள். ஓபன் மட்டும் எடுத்தால், நடுவில் ஒன்று மூடப்படும்போது வேறொன்று முன்னே நகர்ந்து விடுபட்டுப்போகும், எரரும் வராது.