டே ஸ்காலரா, விடுதியா? நான்கு பக்கக் கட்டணத் தாள் புரியவில்லை

எட்டாம் வகுப்பு அப்பா:

எல்லோருக்கும் வணக்கம். மகள் எட்டாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். ஒரு தனியார் இன்டர்நேஷனல் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. தினமும் போய் வரலாம், விடுதியில் தங்கியும் படிக்கலாம் என்ற வகைப் பள்ளி. பத்தாம் வகுப்பில் ஐஜிசிஎஸ்இ, அதன்பிறகு பதினொன்று, பன்னிரண்டில் ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலரியட்) டிப்ளமா, இரண்டும் பல நாடுகளில் நடக்கும் பாடத்திட்டங்கள். இரண்டு வாரத்துக்குள் டெபாசிட் கட்டி இடத்தை உறுதி செய்யச் சொல்கிறார்கள்.

கட்டணத் தாள் நான்கு பக்கம். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் டியூஷன் ஃபீஸ் மட்டும் இருந்தது, அதைப் பார்த்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்துவிடலாம் என்றுதான் தோன்றியது. அப்புறம் பக்கத்தைப் புரட்டப் புரட்ட விண்ணப்பக் கட்டணம், பதிவுக் கட்டணம், டெபாசிட், வளர்ச்சி நிதி, தொழில்நுட்பக் கட்டணம், தேர்வுக் கட்டணம் "தனியாக", பயணங்கள் "தனியாக" என்று போய்க்கொண்டே இருக்கிறது. எதை ஒரு தடவை கட்ட வேண்டும், எதை வருடா வருடம், எது திரும்பி வரும் என்று மூன்று முறை படித்தும் பிடிபடவில்லை.

அடுத்தது விடுதி விஷயம். வீட்டிலிருந்து பள்ளி ஒரு வழிக்கு 70 நிமிடம். மனைவி வாராந்திர விடுதி போதும் என்கிறாள், அதாவது திங்கள் போய் வெள்ளி மாலை வீடு. மகள் முழு விடுதிதான் வேண்டும் என்கிறாள் (தோழி அங்கே இருக்கிறாள், காரணம் அவ்வளவுதான்). எனக்கு டே ஸ்காலர் போதும் என்று ஒரு மனம், ஆனால் 70 நிமிடம் என்பது சின்ன விஷயமில்லை. இந்த வகைப் பள்ளியில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் சொல்லுங்கள், கையெழுத்துப் போடும் முன் எதைக் கவனிக்க வேண்டும்?

இரண்டு பிள்ளைக்குக் கட்டியவன்:

சார், அந்தத் தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முதல் பக்கம் உங்களை உள்ளே கூப்பிடுவதற்கு, கடைசிப் பக்கம் நீங்கள் வெளியே போகும்போது என்ன ஆகும் என்பதற்கு. கூப்பிடுகிற பக்கத்தை எல்லோரும் படித்துவிடுவார்கள்.

என் கதையைச் சொல்கிறேன். பெரியவனை ஒரு பள்ளியிலிருந்து நடுவில் எடுக்க வேண்டி வந்தது, எனக்கு வேலை மாற்றம். விலக வேண்டுமென்றால் ஒரு முழு டெர்ம் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று விதி. நான் அதை மூன்று மாதம் என்று நினைத்துக்கொண்டேன். விதியின் வாசகமோ, டெர்ம் தொடங்கும் முதல் நாளுக்கு முன்பே எழுத்தில் தர வேண்டும் என்பது. நான் மின்னஞ்சல் அனுப்பியது பள்ளி திறந்து நான்காவது நாள். நான்கு நாள் தாமதம், அதற்காக அவன் உட்காராத ஒரு டெர்முக்கு முழுக் கட்டணம். டெபாசிட்டை அதில் கழித்துக்கொண்டார்கள், மிச்சத்துக்கு பில் வந்தது. சண்டை போட்டுப் பார்த்தேன், என் கையெழுத்தையே ஸ்கேன் செய்து அனுப்பி வைத்தார்கள். அதற்கு மேல் என்ன பேசுவது?

நான் அதற்கப்புறம் சின்னவளுக்குச் செய்தது: ஒரு எக்செல் தாள் திறந்து எல்லாத் தொகையையும் மூன்றாகப் பிரித்தேன். ஒரே தடவை போவது (விண்ணப்பம், பதிவு, சில இடங்களில் வளர்ச்சி நிதி), வருடா வருடம் போவது, திரும்பி வர வேண்டியது. வளர்ச்சி நிதியை மட்டும் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், சில பள்ளிகளில் அது ஒரு தடவை, சிலவற்றில் ஒவ்வொரு வருடமும், பெயர் மட்டும் ஒன்றே. டெபாசிட் திரும்ப வரும் என்று போட்டிருந்தால் எப்போது, எதை எல்லாம் கழித்துக்கொண்டு, வட்டி உண்டா (இருக்காது) என்று பாருங்கள்.

அப்புறம் ஒரு வருடக் கணக்குப் போடாதீர்கள், பன்னிரண்டு வரை நான்கு வருடக் கணக்குப் போடுங்கள். கட்டணம் வருடம் 8 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால் நான்காவது வருடம் நீங்கள் கட்டுவது முதல் வருடத்தைவிட ஏறக்குறைய 26 சதவீதம் கூட. இது போதாதென்று, பத்தாம் வகுப்பிலிருந்து பதினொன்றுக்குப் போகும்போது பல பள்ளிகளில் ஒரு தனித் தாவல் இருக்கும். பதினொன்று, பன்னிரண்டுக்கான இன்றைய கட்டணத்தையும் இப்போதே வாங்கி வையுங்கள்.

வரி பற்றிய வரி ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். "அரசு விதிக்கும் வரிகள் கூடுதல்" என்று ஒரு வரி மூலையில் கிடக்கும், அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிடுவோம். பிரிட்டனில் 2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீதம் வாட் (மதிப்புக் கூட்டு வரி) வந்தது, படிப்புக்கும் விடுதிக்கும் சேர்த்து, அதுவும் கல்வியாண்டின் நடுவில். அந்த ஒரு வரியின் அர்த்தம் பல பெற்றோருக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

சும்மா படிப்பவன்:

இவ்வளவு கட்டிப் படிக்க வைத்து என்ன ஆகப் போகிறது என்று கேட்டால் அடிக்க வருவீர்கள். ஆனாலும் கேட்கிறேன். அதே பணத்தைப் பிள்ளை பெயரில் போட்டு வைத்தால் காலேஜுக்கு ஆகுமே.

எட்டாம் வகுப்பு அப்பா:

அடிக்க வரவில்லை, மாமனாரும் இதையேதான் சொல்கிறார் :) அந்தக் கேள்வியை வீட்டில் ஆறு மாதம் விவாதித்துவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

முன்னாள் ஹவுஸ் மேட்ரன்:

விடுதிப் பக்கம் நான் சொல்கிறேன். இந்த மாதிரிப் பள்ளி விடுதியில் பிள்ளைகளைக் கவனிக்கும் மேட்ரனாக ஒன்பது வருடம் இருந்தேன், பெண் பிள்ளைகள் பிரிவு.

விடுதிக் கட்டணத்தை மாதக் கணக்கில் பார்க்காதீர்கள். பிள்ளை அங்கே இருக்கப் போவது வருடத்தில் சுமார் 35 வாரம், மற்ற நாள் விடுமுறை. மொத்தத்தை 35-ஆல் வகுத்துப் பாருங்கள், அதுதான் ஒரு வாரத்தின் உண்மையான விலை. டெர்ம் நடுவில் வரும் விடுமுறையிலும் மாதம் ஒரு வார இறுதியிலும் விடுதியையே மூடிவிடும் பள்ளிகள் உண்டு. தூரத்துப் பிள்ளைகளுக்கு அப்போது உள்ளூர் கார்டியன் வேண்டும், அதற்கு ஒரு செலவு. உங்களுக்கு வீடு பக்கம்தான், அந்தக் கவலை இல்லை.

பணம் எங்கே தெரியுமா கசியும்? சலவை, மருந்து, வார இறுதி வெளியே கூட்டிப் போவது, பிறந்தநாள் கேக், தொலைந்துபோன அறைச் சாவி. எல்லாம் டெர்ம் கடைசி பில்லில் "இதர செலவுகள்" என்று ஒரே வரியில் வரும். அந்த வரிக்கு விவரம் தருவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். தர மாட்டோம் என்று சொல்லும் பள்ளியைக் கொஞ்சம் யோசியுங்கள்.

எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. பிள்ளையைச் சேர்க்கலாமா என்று பார்க்க வரும் பெற்றோரை நீச்சல் குளத்துக்குக் கூட்டிப் போவார்கள், நான் சலவை அறைக்குக் கூட்டிப் போவேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வலைப்பை, அதில் எண், அந்தப் பையோடு அப்படியே இயந்திரத்தில் போய் அப்படியே வர வேண்டும். சரியாக நடக்கும் விடுதியில் அலமாரியில் பைகள் வரிசையாக இருக்கும். சரியாக நடக்காத இடத்தில் மூலையில் ஒரு பெரிய கூடை இருக்கும், நிறைய ஒற்றைச் சாக்ஸ், யாருடையது என்று யாருக்கும் தெரியாது. சாக்ஸைக் கவனிக்க ஆள் இல்லாத இடத்தில் ராத்திரி பதினொரு மணிக்கு அழும் பிள்ளையைக் கவனிக்க ஆள் இருப்பார்களா என்பதுதான் என் கேள்வி.

ராத்திரி எத்தனை பிள்ளைக்கு ஒரு பெரியவர், அவர் அதே கட்டடத்தில் தூங்குகிறாரா, மாலைப் படிப்பு நேரத்தில் சந்தேகம் கேட்க பாட ஆசிரியர் இருப்பாரா அல்லது வெறும் கண்காணிப்பா, போனை எத்தனை மணிக்கு வாங்கி வைப்பார்கள், இதெல்லாம் கேளுங்கள். வருடத்துக்கு எத்தனை ஹவுஸ் பேரன்ட் (பிள்ளைகளோடு விடுதியில் தங்கிக் கவனிப்பவர்) மாறினார்கள் என்றும் கேளுங்கள். தயங்கினால் நிறைய பேர் மாறியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

வாராந்திரமா முழுதா என்பதற்கு என் அபிப்பிராயம்: 70 நிமிடம் போக 70 நிமிடம் வர, ஐந்து நாள், வாரத்துக்குப் பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸிலேயே. அதற்கு வாராந்திர விடுதி நல்ல பதில், உங்கள் மனைவி சொல்வது சரி. முழு விடுதியில் ஞாயிறு மதியம் என்று ஒன்று உண்டு சார். சனிக்கிழமை விளையாட்டு, சினிமா என்று ஓடிவிடும். ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு மாலை வரை பிள்ளைகளுக்கு ஒன்றும் இருக்காது, எங்கள் அறைக் கதவைத் தட்டுவதெல்லாம் அந்த நேரத்தில்தான். வீடு பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு அந்த மதியம் எதற்கு? முதல் வருடம் வாராந்திரமாகப் போட்டுவிட்டு, அடுத்த வருடம் மாற்றிக்கொள்ள முடியுமா, மாற்றினால் புது டெபாசிட் கேட்பார்களா என்று கேளுங்கள்.

ஐபி டீச்சர்:

நல்ல பதில்கள். படிப்புப் பக்கம் கொஞ்சம் சேர்க்கிறேன்.

பெயரில் இன்டர்நேஷனல் இருப்பது எதையும் நிரூபிக்காது. ஐபி அமைப்பின் இணையதளத்தில் பள்ளிப் பெயரைத் தேடுங்கள். அங்கீகாரம் பெற்ற பள்ளி வேறு, "கேண்டிடேட்" பள்ளி வேறு. கேண்டிடேட் என்றால் விண்ணப்பித்துக் காத்திருக்கிறார்கள், அங்கீகாரம் கிடைக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. அதையும் டிப்ளமாவுக்கா, சின்ன வகுப்புத் திட்டத்துக்கா என்று பார்க்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனி அங்கீகாரம்.

டிப்ளமா இரண்டு வருடம், ஆறு பாடம், அதில் வழக்கமாக மூன்று மேல்நிலையில் (ஹையர் லெவல், இன்னும் ஆழமாகப் படிப்பது). ஒரு பாடத்துக்கு 7 வீதம் 42, கூடவே பிள்ளை தானே ஆராய்ந்து எழுதும் நீள் கட்டுரைக்கும் அறிவுக் கோட்பாடு (தியரி ஆஃப் நாலெட்ஜ்) என்ற பாடத்துக்கும் சேர்த்து 3, மொத்தம் 45. டிப்ளமா கிடைக்கக் குறைந்தது 24 வேண்டும், வேறு நிபந்தனைகளும் உண்டு. பள்ளி "எங்கள் சராசரி இவ்வளவு" என்று பெருமையாகச் சொன்னால் எத்தனை பேர் எழுதினார்கள் என்று கேளுங்கள். எட்டு பேர் எழுதிய வருடத்தின் சராசரியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பலவீனமான பிள்ளைகளை முழு டிப்ளமா எழுத விடாமல் தனிப் பாடச் சான்றிதழ் பக்கம் தள்ளிவிட்டு சராசரியை உயர்த்துவதும் நடக்கும்.

ஐஜிசிஎஸ்இ தேர்வுக் கட்டணம் பாடத்துக்கு இவ்வளவு என்று வரும், ஒன்பது பாடம் எடுத்தால் ஒன்பது மடங்கு. தாமதமாகப் பதிந்தால் கூடுதல், விடைத்தாளை மறுபடி பார்க்கச் சொன்னால் அதற்குத் தனி. நான்கு வருடக் கணக்கில் பத்தாம் வகுப்பில் இதற்கும் பன்னிரண்டில் ஐபி தேர்வுக்கும் ஒரு வரிசை போடுங்கள். ஆங்கிலத்தில் கூடுதல் உதவி, கற்றல் உதவி என்று பிள்ளையை எடுத்துக்கொண்டால் அதற்கும் சில இடங்களில் தனி பில்.

இந்தக் கட்டணம் ஏன் இப்படி இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? இந்த வகையின் முன்னோடிப் பள்ளி ஒன்று 1924-ல் ஜெனீவாவில் தொடங்கியது, சர்வதேச சங்கத்திலும் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) சர்வதேசத் தொழிலாளர் அமைப்பிலும் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளுக்காக. 1968-ல் ஐபி அதே ஊரில்தான் பிறந்தது. நாடு விட்டு நாடு மாறும் குடும்பங்கள், நிறைய பேருக்குப் பிள்ளைகள் படிப்புச் செலவை வேலை கொடுத்தவரே கட்டிவிடுவார். வளர்ச்சி நிதி மாதிரி விஷயங்களை ஒரு நிறுவனம் பார்த்தால் ஒரு வவுச்சர், நீங்களும் நானும் பார்த்தால் ஒரு வருடச் சேமிப்பு. இன்றைக்கும் தாள் அந்தக் காலத்து ஆளுக்கு எழுதியது மாதிரியே இருக்கிறது.

அதனால் உதவி கேட்க வெட்கப்படாதீர்கள். ஸ்காலர்ஷிப் வேறு, பர்சரி வேறு. முன்னது திறமைக்கு, பல இடங்களில் கட்டணத்தில் ஒரு சின்னப் பகுதிதான் குறையும். பின்னது குடும்ப வருமானம் பார்த்துத் தருவது, கேட்டால்தான் படிவமே கொடுப்பார்கள். பதினொன்றாம் வகுப்பு வரும்போது யுனைடெட் வேர்ல்ட் காலேஜஸ் பக்கமும் பாருங்கள், பெயரில்தான் காலேஜ், ஐபி டிப்ளமா நடத்தும் பள்ளிகளின் குழு அது. 1962-ல் வேல்ஸில் முதல் கல்லூரி, இப்போது உலகம் முழுக்க 18. அந்தந்த நாட்டுத் தேர்வுக் குழு வழியாகப் பிள்ளையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, குடும்பத்தால் எவ்வளவு முடியும் என்று பார்த்து உதவித்தொகை தருகிறார்கள். போட்டி கடுமை, ஆனால் விண்ணப்பிக்காமல் விடக் கூடாது.

எட்டாம் வகுப்பு அப்பா:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி எக்செல் தாள் போட்டேன். நான்கு வருட மொத்தத்தைப் பார்த்துவிட்டு மனைவி ஒன்றும் பேசாமல் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டாள். காலையில் மறுபடி திறந்தோம். வாராந்திர விடுதி என்றால் கஷ்டப்பட்டு முடியும், முழு விடுதி நிச்சயம் முடியாது. மகளிடம் தொகையைக் காட்டியே சொன்னோம், முகம் தொங்கிப் போனது, ஆனால் புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன்.

பள்ளிக்கு மூன்று கேள்வி அனுப்பினேன். வளர்ச்சி நிதி ஒரு தடவைதான் என்று எழுத்தில் தந்துவிட்டார்கள். வாராந்திரத்திலிருந்து முழு விடுதிக்கு மாற்றினால் டெபாசிட்டில் வித்தியாசம் மட்டும் கட்டினால் போதுமாம். முன்னறிவிப்பு நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவீர்கள் என்ற கேள்விக்கு மட்டும் "சேர்க்கைக்குப் பின் பெற்றோர் கையேட்டில் விளக்கப்படும்" என்று பதில்.

இரண்டு பிள்ளைக்குக் கட்டியவன்:

சேர்க்கைக்குப் பின் என்றால் டெபாசிட் கட்டியதற்குப் பின். அந்தக் கையேட்டை இப்போதே கேளுங்கள், கொடுக்கும் வரை ஒரு பைசா கட்டாதீர்கள். இரண்டு வாரக் கெடு என்பதெல்லாம் கேட்டால் நீளும்.

எட்டாம் வகுப்பு அப்பா:

திங்கட்கிழமை நேரிலேயே போகிறேன். மகளும் வருகிறாள். அந்த மேட்ரன் அம்மா எழுதியதைப் படித்துக் காட்டினேன், அவளுக்கு முதலில் சலவை அறையைப் பார்க்க வேண்டுமாம்.