"வீடற்றவர்" என்றால் கோபிக்கிறார்கள்: வேறு சொல் உண்டா?

லண்டன் கவுன்சில் ஒன்றில், வீடிழப்பைத் தடுக்கும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதமாகிறது. எங்களிடம் வரும் ஈழத்து முதியவர்களிடம் "வீடற்றவர்" என்றாலே முகம் சுருங்கிவிடுகிறது. "நான் என்ன தெருவிலா கிடக்கிறேன், பிள்ளை?" என்கிறார் ஒரு ஐயா.

இங்கிலாந்தின் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, 56 நாட்களுக்குள் வீடு பறிபோகும் நிலை இருந்தாலே நாங்கள் உதவத் தொடங்க வேண்டும். மகன் வீட்டுச் சோபாவில் படுப்பவருக்கும் உரிமை இருக்கலாம். ஆனால் வெட்கப்பட்டு, வீட்டைக் காலி செய்விக்கும் நீதிமன்ற அலுவலர் (பெய்லிஃப்) வரும் நாள் குறித்த பிறகே சிலர் வருகிறார்கள்.

குத்தாத, சட்டப் பொருளும் கெடாத சொல் வேண்டும். "இருப்பிட நெருக்கடி" என்று எழுதிப் பார்த்தேன். சுற்றறிக்கை வாடை அடிக்கிறது. மொழிபெயர்ப்பு வேலை செய்பவர்களே, நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள்?