கோல்ஃப் பேச்சு முதன்முதலில் உங்கள் காதில் விழுந்தது எப்போது?

கடைமடைக்காரன், திருத்துறைப்பூண்டி:

துபாயில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டும் வேலை பார்த்தேன். அங்கே முதலில் கற்றுக்கொண்டது ‘ஃபோர்’. நாலு என்று நினைத்துவிடாதீர்கள். பந்து உன் பக்கம் வருகிறது, தலையைக் காப்பாற்றிக்கொள் என்று அர்த்தம். கத்தினது யார் என்று திரும்பிப் பார்த்தால் பல் போய்விடும், சட்டென்று தலையை மூடிக் குனிந்துவிட வேண்டும். பந்து 46 கிராம்கூட இல்லை, ஆனால் பட்டால் தெரியும்.

ஆடுகிறவர்கள் பெர்டி, ஈகிள் என்பார்கள். எங்கள் வாயில் புழங்கியது டிவாட், பங்கர், ஸ்டிம்ப். மட்டை பட்டுப் பெயர்ந்து வரும் புல்கட்டி டிவாட். அந்தப் பள்ளத்தில் மணல் போட்டு மட்டம் பண்ணுவோம். பங்கர் என்பது மணல் குழி. அதில் பந்து பாதி புதைந்து கிடந்தால் ‘ஃப்ரைடு எக்’. பார்க்க நம் கடை ஆஃப்பாயிலேதான்.

ஸ்டிம்ப்தான் எங்களைப் படுத்தியது. 1935-ல் எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்ற அமெரிக்கர் யோசித்த சாதனம், ஒரு சரிவுப் பட்டை. அதிலிருந்து பந்தை உருட்டிவிட்டு, கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், எத்தனை அடி தூரம் ஓடுகிறது என்று அளப்போம். 10 அடி ஓடினால் வேகமான கிரீன். போட்டி வந்தால் சூப்பர்வைசருக்கு அதுவும் போதாது. புல்லை 3 மில்லிமீட்டர் வரைக்கும் ஒட்ட வெட்டச் சொல்வார்.

பெர்முடா, பெர்முடா என்று கொண்டாடுகிறார்களே, அந்தப் புல் நம் அருகம்புல் வழி வந்த கலப்பினம். ஊரில் வயலில் பிடுங்கி எறிந்ததை அங்கே தண்ணீரும் உரமும் விட்டு வளர்த்தோம். போனில் அப்பாவிடம் சொன்னேன். “இதுக்காடா ஏஜெண்டுக்குப் பணம் கட்டிப் போனே?” என்றார்.

ஐயாறு அக்கா, திருவையாறு:

அண்ணே, எங்கள் வீட்டுக்குள் கோல்ஃப் வந்தது 2021 ஆகஸ்ட் 7, ஆடி அமாவாசைக்கு முந்தின நாள். டோக்கியோ ஒலிம்பிக்கில் அதிதி அசோக் பதக்கத்தை நெருங்கிவிட்டார் என்று தம்பி காலையிலேயே டிவியைப் போட்டான். திரையில் மைனஸ் கணக்கு. “மைனஸ்னா கடன்தானே, அதுக்கு ஏன் குதிக்கறே?” என்றார் பாட்டி. ஒவ்வொரு குழியையும் இத்தனை தடவை அடித்து முடிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு, அது ‘பார்’. ஒன்று குறைத்து முடித்தால் பெர்டி, இரண்டு குறைத்தால் ஈகிள், ஒன்று கூடினால் போகி என்றான் தம்பி. “போகிக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்கே.”

மட்டைப் பையைச் சுமப்பவர் கேடி. அன்று அதிதிக்குக் கேடியாக வந்தது அவருடைய அம்மா. பாட்டிக்கு வந்ததே கோபம்: “பெத்தவளைப் போய்க் கேடிங்கிறானே!”

கடைசிக் குழியில் பெர்டி விழவில்லை. மைனஸ் 16-ல் லிடியா கோவுக்கு வெண்கலம், மைனஸ் 15-ல் அதிதிக்கு நான்காவது இடம். “இன்னொரு தரம் அடிக்க விடமாட்டாங்களா?” என்று பாட்டி கேட்டுக்கொண்டே இருந்தார்.

மன்னை மாப்ள, மன்னார்குடி:

பாட்டி கேட்டதற்குப் பெயரே இருக்கிறது அக்கா, மல்லிகன். முதல் அடி சொதப்பினால் அதைக் கணக்கில் சேர்க்காமல் மறுபடி அடிப்பது. விதியில் கிடையாது, சிநேகிதர்களுக்குள் விட்டுக்கொடுப்பதுதான். சென்னையில் என் மேலாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிப்போனார். மல்லிகனாகக் கேட்டுத் தள்ளினார். அழுகுணி ஆட்டம் என்று சொல்ல நாக்கு துடித்தது. அப்ரைசல் நேரம், மூடிக்கொண்டேன்.

ஒரு குழிக்கு எட்டு அடி எடுத்தால் ‘ஸ்னோமேன்’. 8 என்று எழுதிப் பாருங்கள், பனிமனிதன் நிற்பான். அவர் அட்டையில் அப்படி ஒருவனும் நிற்கவில்லை, எல்லாம் ஏழுதான். இதற்கு நேர்மாறான ஆள் ‘சாண்ட்பேகர்’. நன்றாக ஆடத் தெரிந்தும் சுமாரான ஆள் மாதிரி ஹேண்டிகேப்பை (திறமை குறைந்தவருக்குக் கணக்கில் கழித்துக்கொடுக்கும் சலுகை அடிகள்) ஏற்றி வைத்துக்கொண்டு பந்தயப் பணத்தை அள்ளுகிறவன். இருவரில் யார் தேவலை என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

கடைமடைக்காரன், திருத்துறைப்பூண்டி:

சாண்ட்பேகர்தான் மோசம் தம்பி, அவன் காசை எடுக்கிறான். எட்டை ஏழாக்குகிறவர்களை நாங்கள் புல் வெட்டும் வண்டியில் உட்கார்ந்தபடியே எண்ணிக்கொண்டிருப்போம். அதில் எங்களுக்குள் டீ பந்தயமும் உண்டு.