மகள் டாக்டராகிப் புற்றுநோயை ஆராயப் போகிறாளாம்: சரியா?

தெம்பனிஸ் அம்மா: தாத்தாவுக்கு பெட் ஸ்கேன் எடுத்தபோது, கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையை ஊசியில் ஏற்றினால் கட்டி ஏன் பளிச்சென்று ஒளிர்கிறது என்று கேட்டாள் மகள். சிங்கப்பூரில் ஜேசி (தொடக்கக் கல்லூரி) இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இப்போது அதையே ஆராயப் போகிறேன் என்கிறாள். எத்தனை வருடம் ஆகும்?

ஆய்வுக்கூடத் தம்பி: அக்கா, அருமையான கேள்வி கேட்டிருக்கிறாள். 1920களில் ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் கண்டது இதுதான்: ஆக்சிஜன் இருந்தாலும் புற்றுநோய் உயிரணு குளுக்கோஸை அள்ளி விழுங்கி லாக்டிக் அமிலமாக்குகிறது. ஊசியில் ஏற்றும் சர்க்கரையையும் அப்படி அள்ளிக்கொள்வதால்தான் கட்டி ஒளிர்கிறது. அவரும் மருத்துவம் படித்தவர்தான்.

புற்றுநோய் உயிரணுவின் வேதிவினைகளை ஆராயும் இந்தத் துறை எனக்கு ஏன் பிடிக்கும் தெரியுமா? ஐடிஹெச் என்ற நொதி (உயிரணுவில் வேதிவினையை நடத்தும் புரதம்) பிறழ்ந்தால் உயிரணு வேறொரு வேதிப்பொருளைத் தயாரிக்கிறது என்று 2009இல் தெரிந்தது. 2017இல் பிறழ்ந்த அந்த நொதியைத் தடுக்கும் எனாசிடெனிப் மாத்திரைக்கு, ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்காக, அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எட்டே வருடம்!

இங்கே ஊட்ரமில் டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, முதல் பட்டம் முடித்துத்தான் சேர முடியும். டாக்டராகும் எம்டி பட்டம் மட்டும் நான்கு வருடம், ஆராய்ச்சிக்கான பிஹெச்டியும் சேர்த்தால் ஏழெட்டு. அப்புறம் சிறப்புப் பயிற்சி வேறு. நீளமான பாதைதான். என் முதல் இரண்டு வருடச் சோதனைகள் ஒன்றுகூடப் பலிக்கவில்லை, அழுதிருக்கிறேன். ஆனால் செவ்வாய்தோறும் நோயாளிகளைப் பார்த்துவிட்டு ஆய்வுக்கூடத்தில் உயிரணு வளர்க்கும் தட்டுகளிடம் திரும்பும்போது, யாருக்காகச் செய்கிறேன் என்று முகம் தெரியும்.

வார்டு தாதி: விடுமுறையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சில வாரம் இருந்து பார்க்கட்டும், அக்கா. பிறகு முடிவு செய்யலாம்.

தெம்பனிஸ் அம்மா: நன்றி தம்பி. அந்த மாத்திரைக் கதையை அவளிடம் படித்துக் காட்டினேன். வார்பர்க்கைத் தேடிக்கொண்டிருக்கிறாள், இன்னும் சாப்பிட வரவில்லை.